எடுக்காத கியூபுக்கு எழுதிய எண்: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போய்விட்டுக் கல்லூரிக்குத் திரும்பியிருக்கும் மாணவர்களிடமிருந்தும் அவர்களைப் பெற்றவர்களிடமிருந்தும் இம்மாதம் மடல்கள் மிகுதியாக வந்திருப்பதால், இந்த முறை பிற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முதல் மடல் நீளமானது. ஆனால் சுருக்கினால் அதன் பொருள் கெட்டுவிடும் என்பதால் பெரும்பகுதியை அப்படியே தருகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் சிவில் பொறியியலில் மூன்றாம் ஆண்டை முடித்திருக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிக் கட்டப்பட்டுவரும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தக் கோடையில் ஆறு வாரம் பயிற்சி பெற்றேன். அம்பத்தூரில் விடியற்காலையில் கிளம்பி, இரண்டு ரயிலும் ஒரு பேருந்தும் மாறி, எட்டு மணிக்குத் தளத்தில் நிற்பேன். எனக்குக் கொடுத்த வேலை கியூப் ரிஜிஸ்டர், அதாவது வலிமையைச் சோதித்து உடைப்பதற்காக வார்க்கும் கான்கிரீட் கட்டிகளின் பதிவேடு, எழுதுவது மட்டுமே. கான்கிரீட் வரும் நாளில் எந்த லாரியிலிருந்து மாதிரி எடுத்தார்கள், எத்தனை கியூப் போட்டார்கள், எந்தத் தேதியில் உடைக்க வேண்டும் என்பதைப் பதிய வேண்டும். நேரம் போகாததால், வேறு ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றன்று பார்த்ததையெல்லாம் கிறுக்கிவைப்பேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் மாலை, ஒரு தளத்துக்கு ரூஃப் கான்கிரீட் போட்டார்கள். ஏழு லாரிகள், லாரிக்கு ஆறு கனமீட்டர். முதல் லாரியிலும் மூன்றாவது லாரியிலும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு கியூப் எடுத்தார்கள். பிறகு கோடை மழை பிடித்துக்கொண்டது. கியூப் போடுபவர் போய்விட்டார். மீதி லாரிகளில் மாதிரியே எடுக்கவில்லை. மறுநாள் மேற்பார்வையாளர் என்னை அழைத்து, 7 நாள் சோதனைக்கென்று வைத்திருந்த ஆறு கியூப்களில் மூன்றை ஐந்தாவது லாரியுடையவை என்றும் மூன்றை ஏழாவது லாரியுடையவை என்றும் எழுதச் சொன்னார். எழுதினேன். 28ஆம் நாள் பன்னிரண்டும் தேறிவிட்டன. அந்த எண்களையும் நானே பதிந்தேன்.

இப்போது கல்லூரிக்குப் பயிற்சி அறிக்கை கொடுக்க வேண்டும். பயிற்சி அறிக்கை நன்றி சொல்லும் இடமே தவிரக் குறை எழுதும் இடமல்ல என்கிறார் என் வழிகாட்டி. மவுலிவாக்கத்தில் கட்டடம் சரிந்தபோது நான் சிறுமி. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அம்மா அழுதது நினைவிருக்கிறது. என் கையெழுத்தில் ஒரு பொய் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது, ஐயா. இதை அறிக்கையில் எழுதலாமா? இதைத் தவிர ஆறு வாரத்தில் நான் கற்றது என்ன என்பதும் எனக்குத் தெரியவில்லை.
— ஒரு மாணவி, அம்பத்தூர்

பதில்: முதலில் உங்கள் அச்சத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை இந்த ஊர் மறக்காது, மறக்கவும் கூடாது. ஆனால் மாதிரி எடுக்காமலே எடுத்ததாகப் பதியப்பட்ட இரண்டு லாரிக் கான்கிரீட்டை அந்தப் பேரழிவின் பக்கத்தில் வைப்பது சரியான கணக்காகாது. ஒரே கலவை நிலையத்திலிருந்து, ஒரே கலவை விகிதத்தில் வந்த கான்கிரீட் என்பதால், உங்கள் தளம் நன்றாகவே இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். கெட்டுப்போயிருப்பது பதிவேடு. அந்தத் தளத்தைப் பற்றி இனி யார் என்ன கேட்டாலும், அந்தப் பதிவேட்டால் உண்மையான விடை சொல்ல முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்பதைப் பாடநூலில் படித்ததைக் கொண்டே பார்க்கலாம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456இன்படி, 31 முதல் 50 கனமீட்டர் வரை கான்கிரீட் போடும்போது நான்கு மாதிரிகள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் 28 நாள் சோதனைக்கு மூன்று கியூப்கள். உங்கள் 42 கனமீட்டருக்கு நான்கு மாதிரி, பன்னிரண்டு கியூப். மேற்பார்வையாளர் உங்களைக் கொண்டு சரிக்கட்டிய கணக்கும் அதுவேதான். எண்ணிக்கையில் அவர் ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆனால் நான்கு மாதிரி என்று விதிநூல் கேட்பது கான்கிரீட் போடும் நேரம் முழுவதற்கும் பரவலாக எடுக்கப்பட வேண்டும் என்பதற்காக. லாரிக்கு லாரி கலவை மாறும். ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், நிலையத்தில் கலந்து வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை லாரியிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்பது பொது விதி. மழை நாளில் மாலை ஆறு மணிக்கு அந்தச் சாலையில் லாரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தாமதமாகி இறுகிவரும் கலவையைப் பம்புக்குள் தள்ளுவதற்காக லாரியிலேயே தண்ணீர் சேர்த்துவிடும் கெட்ட பழக்கம் பல இடங்களில் உண்டு. திறந்தவெளியில் கிடக்கும் மணலும் ஜல்லியும் மழையில் நனைந்தால், அந்த ஈரத்தைக் கழித்துக்கொள்ளாதவரை கலவையில் தண்ணீர் கூடிவிடும். தண்ணீர் கூடினால் வலிமை குறையும். ஆக, அன்று ஏழு லாரிகளில் கட்டாயம் சோதித்திருக்க வேண்டியவை மழைக்குப் பிறகு வந்தவைதான். சோதிக்காமல் விட்டவையும் அவையேதான். வெயிலில் வந்த முதல் லாரிக்கும் மூன்றாவது லாரிக்கும் இரண்டிரண்டு முறை நற்சான்று கொடுத்துவிட்டு, மழையில் வந்ததை அதே சான்றின் நிழலில் ஒதுக்கிவிட்டார்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆறு வாரம் ரிஜிஸ்டர் எழுதியதை வெறும் குமாஸ்தா வேலை என்று நீங்கள் நினைப்பது உங்கள் மடலின் தொனியில் தெரிகிறது. அந்த ஒரு வரி எண்ணுக்குப் பின்னால் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். 150 மில்லிமீட்டர் அளவுள்ள அச்சில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் அடுக்குகளாகக் கான்கிரீட்டை நிரப்பி, 16 மில்லிமீட்டர் கம்பியால் அடுக்குக்குக் குறைந்தது 35 முறை குத்தி, ஒரு நாள் ஈரச் சாக்கின் கீழ் வைத்து, பிறகு அச்சைக் கழற்றி 27 டிகிரி அளவில் உள்ள தண்ணீரில் உடைக்கும் நாள்வரை மூழ்கவைக்க வேண்டும். கத்திரி வெயிலில் சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் 27 டிகிரியிலா இருந்தது என்று உங்கள் நோட்டில் குறித்திருக்கிறீர்களா? உடைக்கும்போதும், நிமிடத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 14 நியூட்டன் என்ற வேகத்தில்தான் சுமையை ஏற்ற வேண்டும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் கேட்கப்படும் எம்30 வகைக் கான்கிரீட்டாக (சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்க வேண்டியது) இருந்தால், கியூப் 675 கிலோநியூட்டனை, அதாவது ஏறத்தாழ 69 டன் எடையை, தாங்குவதற்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் கியூப் உண்மையைவிட அதிக வலிமை காட்டும். இத்தனை பேருடைய கையும் இத்தனை நாளும் சேர்ந்து வருவதுதான் உங்கள் பதிவேட்டின் ஒரு கட்டத்தில் எழுதப்படும் அந்த எண்.

அதனால்தான் உண்மையான எண்கள் சிதறியிருக்கும். ஒரே மாதிரியின் மூன்று கியூப்களும் அவற்றின் சராசரியிலிருந்து 15 விழுக்காடுவரை மேலும் கீழும் போகலாம் என்று விதிநூலே இடம் கொடுக்கிறது. அதைத் தாண்டினால் அந்த மாதிரி செல்லாது. அனுபவமுள்ளவர் ஒருவர் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டும்போது முதலில் தேடுவது குறைந்த எண்களை அல்ல; அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கும் எண்களையே அவருடைய கண் தேடும். இதை நான் பட்டறிவால் எழுதுகிறேன். பயிற்சிப் பொறியாளராக இருந்த முதல் ஆண்டில், கலவையின் நெகிழ்வை அளக்கும் ஸ்லம்ப் சோதனையைச் செய்யச் சோம்பல்பட்டு, மூன்று வாரம் தொடர்ந்து 75 மில்லிமீட்டர் என்றே எழுதிவைத்தேன். மூத்த பொறியாளர் ஒரு நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "உன் கான்கிரீட் உன்னைவிட ஒழுக்கமாக இருக்கிறதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் பதிவேட்டிலும் முதல் லாரியின் எண்களும் ஐந்தாவது லாரியின் எண்களும், அதேபோல மூன்றாவதும் ஏழாவதும், ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும் என்று நினைக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அறிக்கையில் எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வேறோரிடத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுமானத் தளத்தின் பொறுப்புப் பொறியாளருக்கு, மேற்பார்வையாளருக்கு அல்ல, ஒரு பக்கத்துக்கு மிகாமல் மடல் எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தத் தளம், எத்தனை லாரி, எவற்றில் மாதிரி எடுக்கப்பட்டது, எவற்றின் பெயரில் எந்தக் கியூப்கள் பதியப்பட்டன, அதை எழுதிய கை உங்களுடையது என்பதை மட்டும் எழுதுங்கள். யார் மீதும் அடைமொழி வேண்டாம். மன்னிப்பைக்கூட ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் கட்டடத்தை இடிப்பார்களோ என்று நீங்கள் கலங்கத் தேவையில்லை. முதலில் மீள்துள்ளல் சுத்தியலால் தளத்தின் பரப்பைத் தட்டிப் பார்ப்பார்கள். ஐயம் இருந்தால் கான்கிரீட்டிலேயே துளையிட்டு உருளைத் துண்டுகள் எடுத்துச் சோதிப்பார்கள். குறைந்தது மூன்று துண்டுகள். அவற்றின் சராசரி வலிமை, அந்த வகைக் கான்கிரீட்டுக்குக் குறிக்கப்பட்ட கியூப் வலிமையில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமலும், எந்த ஒரு துண்டும் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகாமலும் இருந்தால் கான்கிரீட் ஏற்கப்படும். இவை அன்றாடம் நடக்கிற வேலைகள்தான். ஆனால் அவர்கள் எங்கே தட்டுவது? ஐந்தாவது லாரியின் கான்கிரீட் தளத்தின் எந்தப் பகுதியில் கொட்டப்பட்டது என்பது யாருக்காவது தெரியுமா? அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் வழிகாட்டி சொன்னதை நான் ஏற்கவில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பயிற்சிக் கொள்கையிலேயே மாணவர் நாள்தோறும் குறிப்பேடு எழுதி மேற்பார்வையாளரின் கையொப்பம் பெற வேண்டும் என்று இருக்கிறது. கவனித்ததை எழுதும் பழக்கம் வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் நம் கல்லூரிகளில் அறிக்கை என்றால் நிறுவனத்தின் வரலாறு பத்துப் பக்கம், சிமெண்டின் வகைகள் எட்டுப் பக்கம், நன்றியுரை இரண்டு பக்கம் என்று ஆகிவிட்டது. ஆண்டுதோறும் ஒரே அறிக்கைக்குப் பெயர் மட்டும் மாறுவதை நானே மதிப்பெண் போட்டுப் பார்த்தவன். "மாதிரி எடுத்தலும் பதிவேடும்" என்று ஓர் இயல் எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் முகப்பில் இருக்கிறது. அந்த இயலில் மறுபடி வேண்டாம். நடந்ததை நடந்தபடி நான்கு பத்திகளில் எழுதி, விதிநூல் கேட்பது என்ன என்பதைப் பக்கத்திலேயே வையுங்கள். வழிகாட்டி அதை நீக்கச் சொன்னால், நீக்கச் சொல்லும் காரணத்தை எழுத்தில் தரும்படி மரியாதையோடு கேளுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்; இயலும் தங்கிவிடும்.

கேள்வி: என் மகன் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் அலைந்தும் பயிற்சி கிடைக்கவில்லை. மூவாயிரம் ரூபாய் கட்டினால் நான்கு வாரம் பயிற்சி பெற்றதாகச் சான்றிதழ் தருகிறார்களாம். உடன் படிக்கும் பலர் வாங்கிவிட்டார்களாம். நாங்களும் வாங்கிவிடலாமா? சம்பளம் தராத பயிற்சிக்குப் போவதைவிட இது மேலில்லையா?
— ஒரு தந்தை, பெரம்பூர்

பதில்: வாங்காதீர்கள். மேலே உள்ள மாணவி ஒரு கியூபுக்குச் செய்ததை நீங்கள் உங்கள் பிள்ளையின் நான்கு வாரத்துக்குச் செய்யப் பார்க்கிறீர்கள்; அவருக்காவது அதற்குப் பிறகு தூக்கம் கெட்டது.

சம்பளத்தைப் பொறுத்தவரை, இரண்டு வேறு ஏற்பாடுகளை நீங்கள் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறீர்கள். படிக்கும்போது கோடையில் போகும் சில வாரப் பயிற்சி, கல்லூரியும் நிறுவனமும் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. உதவித்தொகை தருவதும் தராததும் பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பம். படிப்பை முடித்த பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் சேரும் ஓராண்டுத் தொழில் பழகுநர் பயிற்சி வேறு. அது 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது; அதில் மாத உதவித்தொகை கட்டாயம்; குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான அதன் வாரியம் தரமணியில்தான் இருக்கிறது. மகன் படிப்பை முடிக்கும்போது அந்த வழியை மறந்துவிடாதீர்கள்.

இப்போதைக்கு, பெரிய நிறுவனத்தின் வாசலில் நிற்பதை விட்டுவிட்டு, இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்திருக்கும் சிறிய பட்டறை ஒன்றில் பேசிப் பாருங்கள். காப்பீடு, பாதுகாப்புக் காலணி, கல்லூரியின் அனுமதிக் கடிதம் ஆகிய மூன்றையும் நீங்களே ஏற்பாடு செய்துகொண்டு போனால் மறுப்பவர்கள் குறைவு. நுண்ணளவு பார்க்கும் வெர்னியர் கருவியைப் பிடித்து ஒரே தண்டை ஐம்பது முறை அளக்கவிட்டால் அதுவே நல்ல நான்கு வாரம்தான்.

கேள்வி: கட்டுமானத் தளத்தில் என்னோடு அதிகம் பேசியவர் மேஸ்திரி ஒருவர்தான். மட்டமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி பழுதான அன்று, தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை வைத்தே எல்லாத் தூண்களிலும் மட்டம் குறித்துவிட்டார். நூலில் மூன்றடி, நான்கடி, ஐந்தடி பிடித்து மூலைமட்டம் பார்த்தார். இதை அறிக்கையில் எழுதினேன் என்பதற்காக நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
— ஒரு மாணவர், குரோம்பேட்டை

பதில்: மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்தால் ஐந்தின் வர்க்கம் என்பதை எட்டாம் வகுப்பில் படித்தவர்கள்தானே உங்கள் நண்பர்கள்? அதை ஒரு மனிதர் சாக்பீஸ் தடவிய நூலைக் கொண்டு தரையில் இறக்குவதைப் பார்த்தும் சிரிப்பவர்களுக்குப் பயிற்சி முடியவில்லை என்று பொருள். மட்டக்குழாய் வேலை செய்வதும் எளிய இயற்பியல்தான்: தொடர்ந்து நிரம்பியிருக்கும் தண்ணீரின் இரு முனைகளும், காற்றுக்குத் திறந்திருக்கும்வரை, ஒரே உயரத்தில் நிற்கும். நடுவில் ஒரு காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் மட்டம் பொய் சொல்லும். அதனால்தான் மேஸ்திரி குழாயை முதலில் விரலால் தட்டிக்கொண்டே வந்திருப்பார். அவர் அப்படிச் செய்தாரா? நீங்கள் எழுதவில்லை. அந்தத் தட்டுதலையும், குழாயின் இரு முனைகளையும் ஒன்றாகப் பிடித்துத் தொடக்கத்தில் சரிபார்த்தாரா என்பதையும் சேர்த்து எழுதினால் யாரும் சிரிக்க முடியாத ஒரு பக்கம் கிடைக்கும். அவருடைய பெயரையும், அவர் சம்மதித்தால், நன்றியுரையில் சேருங்கள். நன்றியுரைகளில் நிர்வாக இயக்குநர்களைத் தவிர வேறு யாரையும் நான் இதுவரை அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: 'இன்டர்ன்ஷிப்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: உள்ளகப் பயிற்சி என்று எழுதுகிறார்கள், களப்பயிற்சி என்றும் எழுதுகிறார்கள். வெயிலில் நின்றுவிட்டு வந்த மடல்களையே இம்முறை படித்துக்கொண்டிருப்பதால், உள்ளகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மீண்டும் அம்பத்தூரிலிருந்து: இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் முன்பு, முதல் மடலை எழுதிய மாணவிக்கு என் பதிலைத் தனியே அனுப்பியிருந்தேன். அவர் எழுதுகிறார்:

"ஐயா, பதிவேட்டின் எண்களை ஒளிப்படமாக எடுத்துவைத்திருந்தேன். நீங்கள் சொன்னபடியே, முதல் லாரியும் ஐந்தாவது லாரியும் ஒன்றுபோல் இருக்கின்றன. பொறுப்புப் பொறியாளருக்கு எழுதினேன். மூன்று நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை, பாராட்டவும் இல்லை. எந்தப் பகுதி என்று மட்டும் கேட்டார். என் நோட்டில், ஐந்தாவது லாரி லிஃப்ட் குழிக்கு வடக்கே இரண்டு தூண் இடைவெளியில் கொட்டப்பட்டது என்றும், லாரி இருபது நிமிடம் வெளியே நின்றது என்றும் எழுதியிருக்கிறேன். ஏழாவது லாரி பற்றி எதுவும் இல்லை. மழைக்காகச் சிமெண்ட் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தேன். அறிக்கையில் அந்த இடத்தை எப்படி நிரப்புவது?"

நிரப்ப வேண்டாம். நோட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து அறிக்கையின் பின்னிணைப்பாக வைத்து, ஏழாவது லாரிக்கு நேரே "மழைக்கு ஒதுங்கியிருந்தேன், பார்க்கவில்லை" என்று எழுதிக் கையொப்பமிடுங்கள்.